கண்ணைப் பறித்தவனுக்கும் மோட்சம்

ஐப்பசி மழை பெய்து ஏரிகள் நிரம்பியிருந்த ஒரு காலைப்பொழுதில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், ஒருபுறம் மோட்டார்த் தொழிற்சாலைகளின் நெடுமதில்கள் நீள, மறுபுறம் ஏரியின் கலங்கல் வழிந்தோடும் நீரின் ஓசையைக் கேட்டு நின்றபோது, வெகுகாலமாக என்னை உறுத்திவந்த வினா ஒன்று மீண்டும் எழுந்தது. தேங்கிய நீர் கேடு, ஓடும் நீர் புனிதம் என்பது நமக்கு வழிவழியாக வந்த நம்பிக்கை. குட்டையில் பிறக்கும் கொசு அதற்குச் சாட்சி சொல்லவும் செய்கிறது. ஆனால் ஓடாத நீரில் வாழவே இயலாத ஒரு ஜந்துவும் உண்டு. மனிதனின் கண்ணைக் குருடாக்கும் நோயைச் சுமப்பதும் அதுவே.

கறுப்பு ஈ என்று அதைச் சொல்லலாம். எள்ளளவே உள்ள, முதுகு கூனிய சிறு பூச்சி. அதன் பெண், நீர் விரைந்து பாயும் இடத்துக் கல்லிலோ, நீரில் தோய்ந்தாடும் புல்லிலோ முட்டையிடுகிறது. முட்டையினின்று வெளிவரும் புழு, தான் சுரக்கும் பட்டினால் கல்லின்மீது ஒரு சிறு திண்டு அமைத்து, உடலின் பின்முனையிலுள்ள கொக்கிகளால் அதைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள இரண்டு விசிறிகளை வெள்ளத்தில் விரித்து, நீர் கொண்டுவரும் துகள்களை வடித்து உண்கிறது. நீர் நின்றால் அதற்கு உணவும் நின்றது. நுண்ணுயிர்கள் மிதந்து வரும் ஏரிக் கலங்கல் போன்ற இடங்கள் அதற்கு அன்னசத்திரம். பின் கூடு கட்டி அடங்கியிருந்து, சிறகு முளைத்ததும், ஒரு காற்றுக்குமிழியினுள் அமர்ந்தவாறே நீருக்கு மேல் எழுந்து பறந்துபோகிறது. இத்தனை நுட்பத்தைப் படைத்தவனை வணங்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வணங்கிய கையை இறக்கும்போதுதான் கலக்கம் வருகிறது.

நம் நாட்டு இனங்களை ஐ. எம். புரி என்பவர் 1930-களில் ஆராய்ந்து வகைப்படுத்தினார். பழனிமலையின் பெயரைத் தாங்கிய இனம்கூட ஒன்று உண்டு. இங்கே இந்த ஈ கடித்துத் தடிப்பு உண்டாக்குவதோடு நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலோ, வோல்டா நதிப் பிரதேசத்தில், அதே குலத்து ஈயின் கடியால் நூற்புழு ஒன்று மனித உடலில் புகுந்து, அதன் குஞ்சுகள் கண்ணை அடைந்து மடிய, அந்த அழற்சியினால் பார்வை சிறிது சிறிதாக அவிந்துவிடும். ஆற்றங்கரையின் வளமான நிலத்தை விட்டுவிட்டு ஊர் ஊராக மக்கள் விலகிப்போனார்கள். ஆறு எங்கே வேகமாகவும் அழகாகவும் பாய்ந்ததோ, அங்கேயே குருடர் மிகுந்தனர்.

சேதனமும் அசேதனமும் ஆகிய சகலமும் பகவானுக்குச் சரீரம் என்று போதித்த உடையவர் இராமானுஜர், 1017-இல் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அப்படியாயின் அந்த ஈயும் அவன் சரீரம், அந்தப் புழுவும் அவன் சரீரம், அவிந்துபோன கண்ணும் அவன் சரீரமே அல்லவா? ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் உடையவர் இதை எதிர்கொள்கிறார்: ஈசுவரனுக்குப் பட்சபாதமும் இல்லை, குரூரமும் இல்லை, சிருஷ்டியில் காணும் ஏற்றத்தாழ்வு அந்தந்த ஜீவனின் அநாதியான கர்மத்தை ஒட்டியது. இவ்விடையை மறுக்கும் தகுதி எனக்கில்லை, மறுக்கவும் விரும்பவில்லை. எனினும், கோலைப் பற்றிய ஒரு சிறுவன் முன்னே நடக்க, அதன் மறுமுனையைப் பிடித்துப் பின்னே வரும் ஒரு குருட்டு உழவனிடம் கண்ணுள்ள நான் போய், இது உன் கர்மம் என்று சொன்னால், அவ்வார்த்தை சத்தியமாகவே இருந்தாலும், அதைச் சொன்ன நாவு பாபம் செய்ததாகும் என்றே கருதுகிறேன்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானை இங்கே நினைக்கிறேன். தம் ஆசாரியனான உடையவரைக் காக்க, அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்திச் சோழன் சபைக்குச் சென்று கண்களை இழந்தவர் அவர். பின்னாளில், காஞ்சிப் பெருமாளான பேரருளாளனிடம் கண்ணை வேண்டிக்கொள்ளும்படி உடையவர் பணித்தபோது, தமக்குக் கண் கேளாமல், கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் மோட்சம் வேண்டினார் என்று குருபரம்பரை கூறும். ஈக்கும் புழுவுக்கும் பகையின்றி இருக்க இதைவிட உயர்ந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஆழ்வான் மன்னித்தது தம்முடைய கண்ணுக்காக. அந்த உழவனின் கண்ணுக்காக ஈயை மன்னிக்க எனக்கு ஏது அதிகாரம்? கர்மம் என்று தேறுவதும் மன்னிப்பதும் துன்பப்பட்டவனுக்கே உரியவை. பார்த்து நிற்பவனுக்கு உரியது கைங்கரியம் ஒன்றே.

அக்கைங்கரியம் நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 1974 முதல் 2002 வரை ஹெலிகாப்டர்களில் பறந்து ஆறுகளில் மருந்து தெளித்துப் புழுக்களைக் கொன்றார்கள். அது ஹிம்சைதான், அதை ஹிம்சையன்று என்று நான் வாதிக்கமாட்டேன், ஆனால் செய்யாதிருந்திருக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். இடையே ஜப்பானிய மண்ணில் ஓமுரா என்ற ஆய்வாளர் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் என்ற மருந்து பிறந்தது. அது ஈயைத் தேடிப் போவதில்லை, மனித உடலிலுள்ள புழுக்குஞ்சுகளையே அழிக்கிறது. 1987 முதல் அதை இந்நோய்க்கு இலவசமாகவே வழங்கிவருகிறார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் தராசு கிடைப்பது அரிதாகையால், அடையாளமிட்ட கோல் ஒன்றை நிறுத்தி, வருபவரை அதன் அருகே நிற்கச் செய்து, உயரத்தை மட்டுமே பார்த்து, மாத்திரைகளை எண்ணிக் கையில் கொடுக்கிறார்கள்.