கடனும் கடப்பாடும்

‘கடன்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். பெற்றதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு ஒன்று. ஆற்றவேண்டிய கடமை மற்றொன்று. வங்கியொன்றின் ஆண்டறிக்கையிற் காணப்படும் கடன் நிலுவை முதற்பொருளை மட்டுமே கணக்கிடுகிறது. இரண்டாவதை விடுத்து அவ்வங்கியின் ஆற்றலை மதிப்பிடுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இலங்கையிற் பிராந்திய கிராம அபிவிருத்தி வங்கிகள் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றின. நகர வங்கிகளின் வாயிலை அணுக இயலாத உழவர், மீனவர், சிறு கைத்தொழிலாளர் ஆகியோருக்குக் கடன் வழங்குதலே அவற்றின் நோக்கமாகும். 1997 இல் அவை ஆறு வங்கிகளாகத் திரட்டப்பட்டபோது, குருநாகல், புத்தளம் மாவட்டங்கள் வயம்ப அபிவிருத்தி வங்கியின் எல்லைக்குள் அமைந்தன. 2010 இல் ஆறும் இணைந்து பிரதேச அபிவிருத்தி வங்கி உருவாயிற்று.

கடன் நிலுவை பெருகுதல் வளர்ச்சியின் அடையாளம் என்பர். அது முழு உண்மையன்று. மீனவருக்குப் பொறுப்பாக அமையும் தொகை வங்கியின் ஐந்தொகையிற் சொத்தாக அமைகிறது. செலுத்தப்படாத வட்டி முதலுடன் சேர்க்கப்படினும் நிலுவை பெருகும். செயற்படாக் கடன் விகிதமும் மயங்கவைக்கவல்லது. நூறு கோடி ரூபாயிற் பத்துக் கோடி திரும்பாதிருப்பின் விகிதம் 10 சதவீதமாகும். புதிதாக நூறு கோடி வழங்கிவிடின், பழைய கடனில் ஒரு சதமேனும் அறவிடப்படாமலே அது 5 சதவீதமாகிவிடும்!

இனிப் புத்தளம் கரையோரத்தை நோக்குவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் உடப்பு மீனவர் பலர் முல்லைத்தீவுக் கரைக்குப் பெயர்ந்து, வாடியமைத்துத் தொழில் புரிதல் நெடுநாள் வழக்கம். உப்பளத்தின் விளைவோ வெயிலை நம்பியது. மாதத் தவணை முறை காற்றையும் அறியாது, வெயிலையும் அறியாது. மூன்று மாதம் தவறிய கடனை வங்கியியல் செயற்படாக் கடனென வகுக்கிறது. காற்றோ ஐந்து மாதம் வீசுகிறது. இவ்விடைவெளியிலே நேர்மையான உழைப்பாளியும் தவணை தவறியவராகப் பதியப்படுகிறார். திரும்பாக் கடனுக்கென ஒதுக்கும் தொகை இலாபத்தைக் குறைக்குமாதலின் வங்கி நெருக்குகிறது. அவர் நகையை அடகு வைத்தோ சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றோ தவணையைத் தீர்க்கிறார். ஏடு தூய்மையாகிறது, குடும்பத்தின் கடனோ இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை.

1996 இல் இறாற் பண்ணைகளை அழித்த வெள்ளைப்புள்ளி நோயும் இவ்வுண்மையையே உணர்த்தும். ஒரே கால்வாயின் நீரைப் பல பண்ணைகள் பயன்படுத்தியமையால், ஒருவர் பண்ணையில் தோன்றிய நோய் அயலார் பண்ணைக்கும் பரவிற்று. அவருட் கடன் தீர்க்க இயலாதுபோனவரை நாணயமற்றவர் எனல் எவ்வாறு பொருந்தும்?

அவ்வாறாயிற் கடனைத் தள்ளுபடி செய்தலே அறமாகுமோ? அன்று. வங்கி வழங்கும் பணத்திற் பெரும்பகுதி வைப்பாளருடையது. அதே கரையிற் கருவாடு உலர்த்தி விற்கும் பெண்ணின் சேமிப்பும் அதனுள் அடங்கலாம். பிறர் பொருளை வழங்குதல் ஈகையாகாது. மேலும், நட்டத்தில் வீழ்ந்த வங்கி அடுத்த பருவத்தில் எவருக்கும் உதவ இயலாது.

ஆகவே, தள்ளுபடிக்கும் நெருக்குதலுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று வேண்டும். தவணைகள் தொழிலின் பருவத்தோடு பொருந்துதல் வேண்டும். எவ்வளவு அறவிடப்பட்டது என்பதோடு, உழைப்பின் பயனிலிருந்தா, வேறொரு கடனிலிருந்தா அது வந்தது என்பதும் வினவப்படுதல் வேண்டும். கடன் பெற்றவருக்குத் திருப்பித் தருதல் கடன்; கொடுத்தவருக்கோ, திருப்பித் தர இயலும் வகையிற் கொடுத்தல் கடன்.