ஒருசந்தியும் சர்க்கரை வியாதியும்



போன வருஷம் தபசு காலத்தில் ஒருசந்தியின் மேன்மையைப்பற்றி நெடுநேரம் பிரசங்கித்தோம். வியாதிக்காரரைப்பற்றி அதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதையில் ஆறாம் ஸ்தலத்தருகே ஒரு தாயார் வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, தூணைப் பிடித்தபடியே சரிந்தார்கள். வயது 64. காலையில் சர்க்கரை மாத்திரை விழுங்கியவர்கள், அதன்பின் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லையாம். விழுங்கத் தெம்பிருந்தபடியால் சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. தெளிந்ததும், "ஆண்டவருக்காகத்தானே சாமி இருந்தேன்?" என்று கேட்டார்கள். அன்று நமக்கு வாய் எழவில்லை. குற்றம் நம்முடையது.

திருச்சபையின் கட்டளை யாதெனில்: ஒருசந்திக் கடன் விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே உரியது; அதுவும் 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரைதான். வியாதிக்காரரை அது கட்டுப்படுத்தாது. ஆக, அந்தத் தாயாருக்கு நாளாலும் கடனில்லை, வயதாலும் கடனில்லை, வியாதியாலும் கடனில்லை!

சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் சாப்பாடு வருமென்று எண்ணியே வேலை செய்கின்றன. சாப்பாடு வராவிட்டால் இரத்தத்திலுள்ள சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். நடுக்கம், வேர்வை, தடுமாற்றம், பிறகு மயக்கம். அறிகுறி கண்டவுடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை, ஏறினபின் ஆகாரம். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தபசு செய்தே தீருவேன் என்கிறவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவது தபசல்ல. அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்காகச் சிறிது திராட்சரசம் பருகச் சொன்னாரே. பட்டினி கிடக்கவா சொன்னார்?

சர்க்கரை வியாதிக்காரருக்குத் தபசு காலம் 40 நாளல்ல, வருஷம் முழுவதுமே. வேளை தவறாமல் சாப்பிடுவது, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுவது, தினம் நடப்பது, ஒரே இடத்தில் குத்தாமல் ஊசியை இடம் மாற்றிப் போடுவது, இராத்திரி ஜெபத்துக்கு முன் பாதத்தைப் புரட்டிப் புண் உண்டா என்று பார்ப்பது. உணர்ச்சி மங்கின காலில் முள் தைத்தாலும் தெரியாதன்றோ? இதையெல்லாம் பராபரனுக்கு ஒப்புக்கொடுத்துச் செய்கிறவன் ஒருசந்திக்காரனுக்கு எவ்விதத்தில் குறைந்தவன்?

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஞானஸ்நான விருந்தில், "ஒரு வாய் பாயசம் குடித்தால் என்ன ஆகிவிடும்?" என்று மாமியும் சித்தியும் மாறி மாறி உபசரிப்பதை நாமே கண்டிருக்கிறோம். அன்புதான், ஆனால் மறுக்கிறவருக்கு அது சோதனை. பாயசம் வைக்கிற வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டலும் வைத்தால் ஆகாதா?

நன்மை வாங்குவதைப்பற்றியும் சிலருக்குச் சஞ்சலம். முற்காலத்தில் நடுச்சாமம் முதல் தண்ணீரும் கூடாதென்றிருந்தது. 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1953-ல் தண்ணீரை விலக்கினார். 1957-ல் மூன்று மணி நேரமாக்கினார். 1964-ல் அது ஒரு மணி நேரமாயிற்று. மருந்தும் தண்ணீரும் எப்போதும் தடையல்ல. 1983-ம் வருஷத்துச் சட்டப்படி, வியாதிக்காரரும் முதியோரும் அவர்களைப் பராமரிக்கிறவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆகாரம் உட்கொண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். எனவே காலைப் பூசைக்கு முன் சாப்பிடவேண்டியவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.

வருகிற வெள்ளிமுதல் சிலுவைப்பாதையின்போது உபதேசியாரிடம் சீனிப் பொட்டலமும் தண்ணீரும் இருக்கும். நிற்க முடியாதவர்களுக்கு வலதுபக்கம் இரண்டு பெஞ்சுகள் போடச் சொல்லியிருக்கிறோம். அந்தத் தாயாருக்கு முதல் பெஞ்சில் ஓரத்து இடம்.