தந்தை வழி என்னும் ஒற்றை இழை

சேலம் நகருக்கு வடக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. ஏற்காடு அதன் மடியில் அமைந்த ஊர். காப்பித் தோட்டங்களுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் பெயர் பெற்ற அம்மலையின் குடிகள் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. மலையில் வாழ்வோர் என்ற பொருளிலேயே அப்பெயர் வழங்குகிறது. அவர்களுடைய மொழி தமிழே. 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி அவர்களின் தொகை மூன்றரை இலட்சத்துக்கும் மேல். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் சகோதரர் மூவர் காஞ்சியை விட்டுப் புறப்பட்டு, ஆளுக்கொரு மலையைச் சேர்ந்து குடிபெருக்கினார்கள் என்பது அக்கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய பெருந்தொகுப்பிலும் இவ்வரலாறு இடம் பெற்றிருக்கிறது.

இக்கதைக்கு வடிவங்கள் பல உண்டு. சகோதரர்கள் தம் இனத்துப் பெண்களின்றி வந்து, வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தார்கள் என்று ஒரு வடிவம் கூறும். அண்ணன் தம்பியரின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அவர்களோடு வாழ்ந்து, மலைச்சரிவில் சாமையும் தினையும் விளைவித்து, மக்களைப் பெற்று வளர்த்த அந்தத் தாய்மார்களின் பெயர்களோ மறைந்து போயின. குலம் என்றால் தந்தை வழியே என்று உலகம் நெடுங்காலமாக எண்ணி வந்ததன் விளைவு இது. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? தந்தை வழி ஒருவனுக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை? இக்கேள்வியை இன்று நாம் விஞ்ஞானத்திடமும் கேட்கலாம்.

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் இருக்கிறது. அதில் 'ஒய்' குரோமோசோம் என்னும் பகுதி ஆண்களுக்கு மட்டுமே உரியது. தந்தையிடமிருந்து மகனுக்கும், அவனிடமிருந்து அவன் மகனுக்கும் அது பெரும்பாலும் மாறாமல் இறங்கி வருகிறது. எப்போதேனும் அதில் ஒரு சிறு மாற்றம் நேரும். ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதிவிட்டால், அவருடைய படியிலிருந்து எழுதப்படும் ஏடுகளிலெல்லாம் அப்பிழை தொடரும் அல்லவா? அதுபோல அந்த மாற்றமும் அவன் ஆண் வழியினர் அனைவரிடமும் அடையாளமாக நின்றுவிடுகிறது. அவ்வடையாளங்களை ஒப்பிட்டு, எக்கிளை எப்போது பிரிந்தது, எத்திசையிற் பரவியது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

அத்தகைய அடையாளங்களுள் ஒன்று 'எம் 130' என்பது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும், மரபியல் அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸும் தென்னிந்திய மக்களின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, தமிழகத்தில் அரிதாகவே காணப்படும் இவ்வடையாளம் மதுரை வட்டாரத்து ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரில் தென்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளிடம் இதே மூலத்தின் மற்றொரு கிளை பெருவாரியாக உள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஆதி மனிதர்கள் அரபு நாட்டுக் கரையையும் நம் கரையையும் ஒட்டி நடந்து, தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே சென்றார்கள் என்ற கொள்கைக்கு வெல்ஸ் இதனைச் சான்றாகக் காட்டினார். 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஆஸ்திரேலியக் கிளை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்று கணித்தது. அவ்வளவு தொலைவுக்கு அப்பால் உள்ள உறவு அது!

இந்தச் செய்தியைக் கேட்டவுடன், "நம் ஊர்க்காரரின் வம்சம் எத்தனை பழமையானது!" என்று நெஞ்சம் பூரிப்பது இயல்பு. ஆயினும் சற்றே நிதானிக்க வேண்டும். பழமை என்பது எல்லாருக்கும் பொது. இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொரு மனிதனின் வழியும் அதே ஆதி மனிதர் வரை இடையறாது செல்லத்தான் செய்கிறது. ஒரு வழி அரியதாய் இருப்பதும் மற்றொன்று பெருகி நிற்பதும் தகுதியால் நேர்ந்தவை அல்ல. ஒருவருக்குப் பெண் மக்களே பிறந்தால் அவருடைய ஆண் வழி அவரோடு முடிகிறது. ஒரு கொள்ளை நோயோ பஞ்சமோ ஓர் ஊரின் ஆண்களை வாரிச் சென்றால் பல வழிகள் ஒரே நாளில் அற்றுப் போகின்றன.

இனி, பெருகிய வழியின் கதையைப் பார்ப்போம். எம் 130 மூலத்தின் வேறொரு கிளை மங்கோலியப் புல்வெளியில் தழைத்தது. பசிபிக் கரை முதல் காஸ்பியன் கடல் வரை நூற்றுக்கு எட்டு ஆண்கள் அக்கிளையின் ஒரே கொப்பைச் சேர்ந்தவர்கள் என்று 2003-இல் ஓர் ஆய்வு கூறியது. அதைச் செங்கிஸ்கானின் வம்சத்தோடும் இணைத்துப் பேசியது. அக்கொப்பு அவருக்கும் முற்பட்டது என்று பின்வந்தோர் சிலர் மறுத்திருக்கிறார்கள். எவ்வாறாயினும் மங்கோலியப் படைகளின் வெற்றியே அதைப் பரப்பியது என்று கொள்ள இடமுண்டு. அவ்வெற்றியின் விலை என்ன என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1258-இல் செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு பக்தாதை அழித்தான், கலீபாவைக் கொன்றான். அதே ஹுலாகுவின் கொள்ளுப் பேரனான காசான் 1295-இல் இஸ்லாத்தைத் தழுவினார். தந்தை வழி மாறவில்லை, மனிதர் மாறினார். நூலகங்களை அழித்த கைக்கும் பள்ளிவாசல் எழுப்பிய கைக்கும் குருதி ஒன்றே. வம்சத்தின் பரப்பைப் பெருமையென்று கொண்டால், வாளின் வலிமையைப் பெருமையென்று கொண்டதாகும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்குப் பெற்றோர் இருவர். அவர்களைப் பெற்றோர் நால்வர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னே சென்றால் 1,024 இடங்களில் முன்னோர் நிற்கிறார்கள். 'ஒய்' குரோமோசோம் அவர்களுள் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. எஞ்சிய 1,023 பேரைப் பற்றி அதற்கு வாயில்லை. பட்டுச் சேலையில் ஓர் இழையை உருவி எடுத்து, அதுதான் சேலை என்று சொல்வார் உண்டா?

ஐயம் ஒன்று எழலாம். தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வு, அச்சமூகங்களின் தந்தை வழிகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே வேறுபடத் தொடங்கின என்றும், பின்னர் கலப்பு மிகக் குறைவு என்றும் கூறுகிறது. "அப்படியானால் விஞ்ஞானமே குலப் பிரிவை ஒப்புக்கொள்கிறதே!" என்று சிலர் வாதிடலாம். அந்த ஆய்வு அளந்தது மனிதர்கள் எழுப்பிய சுவரின் வயதை. சுவர் பழையது என்பதால் அது நியாயமானது என்றாகிவிடாது. சுவரின் எந்தப் பக்கத்தில் நல்லவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லும் ஆய்வு இதுவரை பிறக்கவுமில்லை.

பிறரைப் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டை மறந்துவிடலாகாது. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை தேடவும் புறப்படும்போது நம்மிடையே எழும் பேச்சுகளை நாம் அறிவோம். "நாங்கள் அரபு வம்சம்", "அவர்கள் இன்ன பிரிவார், நமக்குச் சரிப்படாது", "அவர் பாட்டனார் காலத்தில்தானே மார்க்கத்துக்கு வந்தவர்கள்" என்ற சொற்கள் எத்தனை நல்ல சம்பந்தங்களைத் தடுத்திருக்கின்றன! எத்தனை குமருகள் அச்சொற்களால் வயது கடந்து வீட்டில் அமர்ந்திருக்கிறார்கள்! இந்திய முஸ்லிம் பிரிவுகள் பலவற்றை ஆராய்ந்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களின் மரபணுக்களில் பெரும்பகுதி அண்டை அயலாரான பிற சமயத்தாருடையதையே ஒத்திருக்கிறது என்றும், அரபு நாட்டு, ஆப்பிரிக்கக் கூறுகள் சிறு அளவிலேயே உள்ளன என்றும் தெரிவிக்கிறது. இதில் நாணுவதற்கு ஏதுமில்லை. நம் முன்னோர் பெரும்பாலோர் இம்மண்ணிலேயே பிறந்து, கேட்டு, சிந்தித்து, நெஞ்சார ஏற்று முஸ்லிம்களானவர்கள். குருதியாற் பெறுவதைக் காட்டிலும் உள்ளத்தாற் பெறுவது எவ்வகையிற் குறைந்தது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் அனைவரும் இளமையிலேயே மறைந்தார்கள். மக்கத்துப் பகைவர்கள் அவர்களைச் சந்ததியற்றவர் என்று ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்துக்கு விடையாக அருளப்பெற்றதே 'கவ்ஸர்' அத்தியாயம் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். அண்ணலாரின் சந்ததி என உலகம் போற்றும் குலம் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வழியே வந்தது. ஆண் வழி ஒன்றே வழியென்றால் அந்தப் பகைவர்களின் கணக்கல்லவா சரியாகிவிடும்? அந்தக் கணக்கை நம் இல்லங்களில் நாமே போடலாமா?

முன்னோர் நடந்த பாதையை ஆராய்வது நல்லறிவு. மானிடர் அனைவரும் ஒரு குடும்பம் என்னும் உண்மையை அந்த ஆராய்ச்சி வலியுறுத்தவே செய்கிறது. அதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது பயணக் குறிப்பேடு, நற்சான்றிதழ் அன்று. நம் மக்களுக்குத் துணை தேடும் நாளில் குணத்தை விசாரிப்போம், கல்வியை விசாரிப்போம், உழைப்பையும் இறையச்சத்தையும் விசாரிப்போம். ஆயிரம் பேரின் உழைப்பாலும் கண்ணீராலும் உருவான ஒருவரை, ஒற்றை இழையைக் கையிற் பிடித்து எடைபோடும் வழக்கத்தை நம் தலைமுறையோடு முடித்துக்கொள்வோம்.