அழுகிற வீட்டுக்கு ஒரு காவல்



இந்த மாதம் ஆவியானவர் என்னோடு இடைப்பட்ட வசனம் பிலிப்பியர் 4:7. மனுஷ புத்திக்கு எட்டாத ஒரு சமாதானம் நம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்று பவுல் அங்கே எழுதுகிறார். இதைப் பற்றி எழுதுமுன்னே நான் ஒரு காரியத்தை உங்கள்முன் அறிக்கையிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு நம் மலையில் ஒரு சகோதரியின் கணவர் புளி உலுக்க மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்து மரித்துப்போனார். அடக்கத்துக்குப் போன நான் அந்தச் சகோதரியிடம், "விசுவாசி அழக்கூடாதம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றேன். அவர்கள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "பாஸ்டர் ஐயா, அழாம இருக்க நான் என்ன கல்லா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள். அதற்குப் பிறகு பல மாதம் ஆராதனைக்கு வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

பிரியமானவர்களே, லாசருவின் கல்லறையண்டையில் இயேசுவே கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). அவனை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அழுதார். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாய் திறந்த பிறகுதான் தவறு செய்தார்கள். நானோ முதல் நாளிலேயே வாய் திறந்துவிட்டேன்.

நம் மலைக்குத் துக்கம் புதிதல்ல. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டார்களே, அதில் நம் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. பிழைப்பைத் தேடி மலை இறங்கியவர்கள் பிரேதமாக வந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நின்றுகொண்டு "சமாதானம்" என்று லேசாகச் சொல்லிவிட முடியுமா?

அப்படியானால் பவுல் சொன்ன சமாதானம் எது? அவர் அதை எழுதினது விலங்கு பூட்டப்பட்டிருந்த நாட்களில். காக்கும் என்று அவர் சொன்ன வார்த்தைக்கு மூலபாஷையில் காவற்சேவகன் நின்று காப்பது என்று அர்த்தம். நமக்கு இது நன்றாக விளங்கும். சாமைக் கொல்லையில் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறோம் அல்லவா? பரண் கட்டினதால் காட்டுப்பன்றி வராமல் போகிறதா? வரத்தான் செய்யும். ஆனாலும் கொல்லை அழிந்துபோகாது, ஏனென்றால் ஒருவர் விழித்திருக்கிறார். தேவ சமாதானமும் அப்படித்தான். துக்கம் வரும், கண்ணீர் வரும். உன் இருதயத்தை அது மேய்ந்துவிடாதபடி ஒருவர் விழித்திருக்கிறார்!

நம்மைப் போன்ற மலையாளி ஜனங்கள் வாழும் கொல்லிமலையில் ஊழியம் செய்தவர்கள் ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர். 1929 ஜூன் 15ஆம் தேதி ஜெசி ஐயா கடும் காய்ச்சலில் மரித்தார். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் இறந்த தந்தி கிடைத்த பிறகும், அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் வந்து மகன் கைக்குச் சேர்ந்தது. எவ்வளவு வேதனை பாருங்கள்! தாயாரும் துக்கத்தால் மிகவும் தளர்ந்துபோனார்கள். பெரிய விசுவாசிதான், ஆனாலும் உடைந்துதான் போனார்கள்.

ஆனால் அந்த அம்மா இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்கள். ஏறக்குறைய 68 வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோதும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல், மறுபடியும் மலைக்கே ஏறினார்கள். மலைமலையாகப் போய் மருந்து கொடுத்து, சுவிசேஷம் சொன்னார்கள். 1974இல் 95 வயதில் மரித்தபோது கணவரின் கல்லறை அருகே வாழவந்தியில் அடக்கம் பண்ணப்பட்டார்கள். அவர்கள் மகன்தான் நம் மலையடிவாரத்து வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்திய டாக்டர் பால் பிராண்ட். துக்கம் அந்த அம்மாவை விட்டு ஓடிவிடவில்லை. ஆனால் அது அவர்களை மலையை விட்டு ஓட்டிவிடவும் இல்லை. இதுதான் காவல்.

நான் அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மறுபடியும் போனேன். "அம்மா, நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தேன். அவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சபைக்கு வந்தார்கள். இன்றும் புளி உலுக்கும் மாசம் வந்தால் அவர்கள் கண் கலங்கும். ஆனால் மலையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு முதலில் போகிறவர்கள் அவர்கள்தான். அல்லேலூயா!

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உன் படுக்கை கண்ணீரால் நனைகிறதா? கர்த்தருடைய சமுகத்தில் தாராளமாய் அழு. உன் விசுவாசம் செத்துப்போகவில்லை. உலகத்தில் உபத்திரவம் இல்லை என்று இயேசு சொல்லவில்லை. உபத்திரவம் உண்டு, ஆனால் நான் ஜெயித்தேன் என்றார் (யோவான் 16:33). அடுத்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், பிரசங்கம் எடுத்துப் போகாதே, கஞ்சி எடுத்துப் போ.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, இந்த மலையில் அழுகிற ஒவ்வொரு வீட்டையும் உம்முடைய சமாதானத்தால் காவல்காத்தருளும். எங்களையும் அழுகிறவர்களோடு உட்காரப் பழக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.