எழுதுமுன் இட்ட கோடு

வீடு கட்ட விழைபவர் முதலில் மனையை அளந்து நூல் பிடிக்கிறார். அந்த நூலுக்கும், நாம் கையில் எடுத்துப் படிக்கும் நூலுக்கும் தமிழ் ஒரே பெயரை வழங்கியிருக்கிறது. மரத்தின் கோணலைக் காட்டுவது தச்சர் நூல். மனத்தின் கோணலைத் தீர்ப்பது புலவர் நூல் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் அதற்குக் காரணமும் கூறினர். அப்படியாயின், பிறர் கோணலைத் தீர்க்க முற்படும் எழுத்தாளர் தம் கோணலை எதைக் கொண்டு அளப்பது? எழுதுவதற்கு முன்பே அதிகாரங்களை வகுத்துக்கொள்வது வாய்மைக்குத் துணையா, அல்லது தடையா? இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

வகுத்துக்கொண்டு எழுதுவது கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. படிப்பவர் நமக்குத் தருவது தம் வாழ்நாளின் ஒரு பகுதியை. அது அமானிதம். போகும் திசை அறியாமல் அவரை அழைத்துச் செல்வது அந்த அமானிதத்தைப் பாழாக்குவதாகும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ இதற்குச் சிறந்த சான்று. வணக்கங்கள், வாழ்க்கை நடைமுறைகள், அழிவில் தள்ளுபவை, ஈடேற்றம் தருபவை என நான்கு பகுதிகள். பகுதிக்குப் பத்தாக 40 நூல்கள். கல்வியில் தொடங்கி மரணத்தை நினைவுகூர்வதில் முடியும் இவ்வரிசை முழுவதையும் முன்னுரையிலேயே அவர்கள் எடுத்துரைத்து விடுகிறார்கள். நான்காக வகுத்ததற்குக் காரணமும் சொல்கிறார்கள். அக்கால மாணவர்களின் ஆர்வம் ஃபிக்ஹுச் சட்ட நூல்களின்மீது இருந்தது. அந்நூல்களின் அமைப்பிலேயே தந்தால் உள்ளங்கள் எளிதில் இணங்கும் என்று கருதினார்கள். அரசர்களை ஈர்ப்பதற்காக மருத்துவ நூலை வானியல் பஞ்சாங்கம் போல அமைத்த ஒருவரை உவமையாகவும் காட்டுகிறார்கள். திட்டம் என்பது எழுதுபவரின் வசதிக்காக மட்டுமன்று. படிப்பவர்பால் கொண்ட பரிவினாலும் பிறப்பது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஆயினும், திட்டத்துக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதை நாம் பட்டறிவால் உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரின் வரலாற்றைச் சிறு நூலாக எழுத முனைந்தோம். ஏழு அதிகாரங்கள் வகுத்தோம். மூன்றாவது, பள்ளிவாசல் குளத்துக்கு நிலம் தந்து அதனை வெட்டுவித்த ஒரு செல்வரின் கொடைச் சிறப்பு. அவருடைய வழித்தோன்றல்கள் அச்சுச் செலவை ஏற்க முன்வந்திருந்தனர். இந்நிலையில் பழைய பத்திரம் ஒன்று கைக்குக் கிடைத்தது. குளம் அமைந்த நிலத்தை வக்ஃபாகக் கொடுத்தவர் பாய் முடைந்து வாழ்ந்த ஒரு விதவைப் பெண்மணி. பத்திரத்தின் அடியில் அவருடைய கைந்நாட்டு இருந்தது. செல்வர் செய்தது வெட்டுக்கூலி கொடுத்தது மட்டுமே.

நாம் என்ன செய்தோம்? வெட்கத்தோடு சொல்கிறோம்; மூன்று மாத காலம் அந்தப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். “நம் திட்டத்தில் இதற்கு இடமில்லையே” என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். சாட்சிகளை விசாரிக்குமுன் தீர்ப்பை எழுதி வைத்துவிட்ட காஜியாருக்கும் நமக்கும் அப்போது வேறுபாடு இருக்கவில்லை.

இங்கேதான் இப்னு கல்தூன் நமக்கு ஆசானாகிறார். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் ஒதுங்கி வாழ்ந்தபோது, 1377ஆம் ஆண்டில், ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வின் முதற்படியை அவர் எழுதி முடித்தார். தொடக்கத்தில் அவர் வகுத்த எல்லை மஃரிபு நாடுகளின் வரலாறு மட்டுமே. கிழக்கு நாடுகளைப் பற்றித் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். பின்னர் எகிப்து சென்று புதிய செய்திகளைக் கண்டபோது அந்த எல்லையை விரித்தார். 1406இல் கெய்ரோவில் மறையும் வரை தம் நூலைத் திருத்தியவண்ணம் இருந்தார். அவர் கோடு இட்டார். ஆனால் கோட்டுக்கு அடிமையாகவில்லை.

நிய்யத்து வேறு, திட்டம் வேறு. உண்மையைச் சொல்வேன் என்பது நிய்யத்து, அது மாறலாகாது. இன்ன வரிசையில் சொல்வேன் என்பது திட்டம். உண்மை கேட்கும்போது அது மாறியே ஆகவேண்டும். இதனை உணர்ந்தபின் நம் அதிகாரத் தலைப்புகளையெல்லாம் வினாக்களாக மாற்றினோம். ‘செல்வரின் கொடை’ என்றிருந்தது ‘குளத்துக்கு மண் தந்தவர் யார்?’ என்றாயிற்று. விடையை முன்னரே எழுதி வைத்த திட்டம் கதவை அடைக்கிறது. வினாவை எழுதி வைத்த திட்டம் அதைத் திறந்து வைக்கிறது.

திருத்திய அதிகாரத்தை அக்குடும்பத்தாரிடம் படித்துக் காட்டினோம். பொறுமையுடன் கேட்டனர். அச்சுச் செலவு பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. நூல் இன்றும் கையெழுத்துப் பிரதியாகவே இருக்கிறது.

அதற்காக நாம் வருந்தவில்லை. உமறுப் புலவர் மூன்று காண்டங்களில், 5027 பாக்களில் பாடிய சீறாப்புராணமும் பெருமானாரின் (ஸல்) வாழ்வு முழுவதையும் பாடி நிறைவுறாமலே நின்றது. பின்வந்த புலவர் ஒருவர் ‘சின்னச் சீறா’ பாடி அதைத் தொடர்ந்தார். காப்பியத்தின் போக்கு தெளிவாக இருந்ததால், விட்ட இடத்தில் இன்னொருவர் தொட முடிந்தது. நேராக இட்ட கோடு, இட்டவர் கை ஓய்ந்த பின்னும் மற்றொரு கைக்கு வழிகாட்டும். நம் பெட்டியில் இப்போது ஏழு வினாக்களும் ஒரு பத்திரமும் இருக்கின்றன. அவற்றை எடுப்பவர் யாராயினும், அந்தக் கைந்நாட்டை மறைக்க மாட்டார் என்று நம்புகிறோம்.