நின்று உண்ணும் தெரு

ஜப்பானின் பெருநகரவாசிக்கு நடை என்பது தனியே நேரம் ஒதுக்கிச் செய்யும் உடற்பயிற்சி அன்று. வீட்டிலிருந்து ரயில் நிலையம், நிலையத்துக்குள் தடம் மாறும் நீண்ட சுரங்க வழிகள், இறங்கிய இடத்திலிருந்து அலுவலகம் என்று அன்றாடமே நடையாக அமைந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 10,000 அடி என்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கும் 1965-இல் அங்கே விற்பனைக்கு வந்த ‘மன்போகேய்’ என்ற அடி எண்ணும் கருவியின் வழியே பரவியதுதான். இவ்வளவு நடக்கும் மக்கள், நடந்தபடி உண்பதைப் பெரும்பாலும் தவிர்த்து, வாங்கிய இடத்திலேயே நின்று உண்டு முடிக்கிறார்கள். அவசர வாழ்வில் பசிக்கு எவ்வளவு நேரம் தருவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடையாக இவ்வழக்கத்தைக் கருதலாம்.

டோக்கியோ, எடோ என்று வழங்கிய காலத்தில், குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தொழிலாளரும் பணிநிமித்தம் தங்கிய சாமுராய் வீரரும் நகரில் நிறைந்திருந்தனர். மரவீடுகள் நெருங்கிய அந்நகரில் தீ ஓயாத அச்சமாக இருந்ததால், கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும் தெம்புரா, ‘யாத்தாய்’ எனப்படும் பெயர்த்தெடுக்கத்தக்க கடைகளில் திறந்தவெளியில் விற்கப்பட்டது. இன்று உயர்தர உணவகங்களில் பரிமாறப்படும் சுஷியும் அன்று அத்தகைய கடைமுன் நின்று கையால் எடுத்து உண்ட பண்டமே.

சில பண்டங்கள் உண்பவரைத் தாமே நிறுத்திவிடுகின்றன. 1935-இல் ஒசாகாவில் உருவான டகோயாகி, கோதுமை மாவுக் கரைசலில் ஆக்டோபஸ் துண்டை இட்டுச் சுடும் உருண்டையாகும். குழிப்பணியாரக் கல்லை ஒத்த இரும்புத் தட்டில் மாவின் விளிம்பு வெந்ததும், கடைக்காரர் கூர்முனைக் குச்சியால் வெளியே பிதுங்கியதை உள்ளே மடித்துத் தள்ளி ஒரே சுழற்றில் திருப்புகிறார். மேல்தோல் ஆறிய பின்னும் உள்ளே கூழ் கொதிப்பதால், நடந்தபடி கடிப்பவர் நாக்கைச் சுட்டுக்கொள்வது உறுதி. ஊதி ஊதி உண்ணும் அச்சில நிமிடங்களில் செய்தவரும் உண்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேர்கிறது. தெருவுணவின் மேன்மை இதில்தான் இருக்கிறது, சுவைகூட இதற்கு அடுத்ததே.

ஆயினும் நின்று உண்ணும் வழக்கத்தை இனப்பண்பு என்று போற்றுவது மிகை. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நிகழ்ந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பல பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் அகற்றப்பட்டன. ஆகவே குச்சியையும் காகிதத் தட்டையும் கடையிலேயே கொடுத்துவிடுவது எளிது. சுற்றுலாப் பயணியர் நெரியும் காமகுரா நகரமோ, கூட்டத்தில் நடந்தபடி உண்டு பிறர் உடையைக் கறைப்படுத்தலாகாது என்பதை 2019-இல், தண்டனை ஏதுமின்றி, விதியாகவே எழுதிவைக்க வேண்டியிருந்தது.

நிற்கச் சொல்லும் நகரம் அதற்கு இடமும் தரவேண்டும். ஃபுகுவோக்காவில் மாலையில் நடைபாதையில் எழுந்து விடியுமுன் அகற்றப்படும் யாத்தாய்களில், முன்பின் அறியாதவர்கள் தோள் உரச அமர்ந்து ராமென் என்னும் நூடுல்ஸ் உண்கின்றனர். உரிமம் நெருங்கிய குடும்பத்தாரைத் தவிர எவருக்கும் கைமாறாது என்ற கட்டுப்பாட்டால் அக்கடைகள் அருகிவந்தபோது, மாநகராட்சி 2013-இல் தனி விதி இயற்றி, பின்னர் பொதுத் தேர்வின் மூலம் புதியவர்களுக்கும் இடமளித்தது. நடப்பவருக்குரிய பாதையில் ஒரு பகுதியை உண்பவருக்கென விட்டுக்கொடுத்த துணிவான முடிவு அது. பன்றியெலும்புச் சாற்று ராமெனுக்கு அருகே பிரெஞ்சு உணவு சமைக்கும் கடையும் அதனால் அங்கே எழுந்தது.