பச்சைத் துணியின் சாய்வு

வலை வாங்க வைத்திருந்த பணத்தைப் பாம்பனில் சீட்டாடித் தொலைத்தவன் நான். “கூட்டாளிங்கதான் கெடுத்தாங்க” என்று வெகுநாள் சொல்லித் திரிந்தேன்.

பின்பு ஊட்டிக்கு ஹோட்டல் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்னூக்கர் மேசை இருந்தது. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம் இது. 1882-ல் ஊட்டி கிளப்பில் இதற்கு விதிகள் எழுதினார்கள். மேசைமேல் விரிக்கும் பச்சைத் துணி ஆட்டு ரோமத்தால் நெய்தது. ரோமம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கமாகவே பிரஷ்ஷால் வாரி இஸ்திரி போடுவார்கள். வேகமாய்ப் போகும் பந்து நேரே போகும். வேகம் தணிந்த பந்தையோ அந்தச் சாய்வு மெல்ல இழுத்துவிடும்.

நம்ம கடலும் அப்படித்தானே? எஞ்சின் ஓடும்வரை நீரோட்டம் தெரியாது, நின்றால்தான் தெரியும்.

அப்படியானால் குற்றம் யாருடையது? சாய்வு இருப்பது மெய்தான். ஆனால் கூட்டாளிகள் எல்லாரையுந்தான் கூப்பிட்டார்கள். தொழிலுக்குப் போகாமல், ஜெபமும் ஓய்ந்து கிடந்த நான் போனேன். பந்து தானாய் வேகமெடுக்காது, மனுஷனோ எழும்பலாம். இழுத்தவர்களை மன்னித்துவிட்டேன். ஓய்ந்துபோனதற்கு நானே கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

பிரியமானவர்களே, இன்று உங்கள் ஓட்டம் எப்படியிருக்கிறது?